வாப்பாவின் எண்ணுக்கு வந்த அழைப்புகள்



எங்கள் வாப்பா 2022ஆம் ஆண்டு வஃபாத்தானார்கள். உம்மா இத்தாவில் இருந்த நான்கு மாதம் பத்து நாட்களும் வாப்பாவின் கைப்பேசி அவர்களுடைய கட்டிலருகே இருந்தது. அதை அணைத்துவிட எங்களில் எவருக்கும் மனம் வரவில்லை. மாதந்தோறும் பணம் கட்டி அந்த எண்ணை உயிரோடு வைத்திருந்தோம்.

இத்தா முடியும் தறுவாயில், உம்மாவுடன் தங்கியிருந்த எங்கள் சகோதரியின் முன்னிலையில் அக்கைப்பேசி ஒலித்தது. உம்மா எடுத்தார்கள். "பாய்க்கடைதான். அவர்கள் மௌத்தாகி நான்கு மாதம் ஆகிறது. கடையின் எண்ணைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்" என்று பதற்றமின்றிச் சொல்லி வைத்துவிட்டார்கள். பலமுறை சொல்லிப் பழகியவரின் குரலாக அது இருந்தது. விசாரித்தபோது, வாரத்திற்கு இரண்டு மூன்று அழைப்புகள் வருவதாகக் கூறினார்கள். இதை எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "வாப்பாவைக் கேட்டு வருகிறவர்களுக்கு யாராவது ஒருவர் பதில் சொல்ல வேண்டாமா?" என்றார்கள்.

அழைத்தவர்கள் அனைவரும் எங்கள் கடையின் இணையதளத்தைப் பார்த்து அழைத்தவர்கள். அதில் வாப்பாவின் எண்தான் இருந்தது. கடையில் வாப்பாவின் இருக்கையில் எங்களில் மூத்தவர் அமர்ந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. தளமோ அதை அறியவில்லை. நாங்கள் மறந்துபோன ஒரு வேலைக்காக, தம் கணவரின் மரணச் செய்தியை முன்பின் அறியாதவர்களிடம் எங்கள் உம்மா திரும்பத் திரும்பச் சொல்ல நேர்ந்தது.

அந்நிகழ்விலிருந்து நாங்கள் கற்றவற்றையும், அப்போதும் கற்காமல் பிறகு தலைகுனிந்து கற்றவற்றையும் இங்கே எழுதுகிறோம். சிறு கடை நடத்தும் நம் குடும்பங்களில் பலரிடம் இன்று ஓர் இணையதளம் இருக்கிறது. ஆகவே இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று.

கரும்பலகையும் தளமும்

திருநெல்வேலி மாவட்டத்தில் பத்தமடைக்கு அருகே எங்கள் கடை இருக்கிறது. பாய் விற்பதால் 'பாய்க்கடை பாய்' என்றே வாப்பாவை ஊரார் அழைப்பார்கள். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை அறுத்து, கீறி, உலர்த்தி, ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறவைத்து, மீண்டும் உலர்த்திச் சாயமேற்றி, பருத்தி நூல் பாவில் ஒவ்வொன்றாக ஊடு கொடுத்து நெய்வது பத்தமடைப் பாய். அதில் மிக நுண்ணியதைப் பட்டுப்பாய் என்பார்கள். துணிபோல மடிக்கலாம். மணமக்களின் பெயர்களை ஊடையிலேயே வரவைத்து நெய்யும் கல்யாணப் பாய்க்குப் பல வாரங்கள் பிடிக்கும்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. ரமலானும் பெருநாளும் பூட்டிய கடைக்குள் பாய்களை அடுக்கி வைத்தபடியே கழிந்தன. அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மச்சான் மகன் இணையதளம் ஒன்றை அமைத்துத் தந்தார். அதில் வர வேண்டிய செய்திகளை வாப்பா ஒரு முழுத்தாளில் தம் கையால் எழுதிக் கொடுத்தார்கள். என்னென்ன பாய், என்ன விலை, எத்தனை நாளில் கிடைக்கும், கடை எப்போது திறந்திருக்கும் என்று எல்லாம் அத்தாளில் இருந்தன. எழுதிய நாளில் அதில் ஒரு சொல்கூடப் பொய்யன்று.

கடையின் முன்புறம் ஒரு கரும்பலகையும் இருந்தது. வாப்பா தினமும் காலையில் ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டு, அன்றைய விலையையும் இருப்பையும் எழுதுவார்கள். முந்தைய நாளின் விலையே நீடித்தாலும் துடைத்துவிட்டுத்தான் எழுதுவார்கள். இணையதளமும் அதே போன்ற பலகைதான். ஆனால் அதைத் துடைக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒருமுறை கட்டி முடித்தால் நின்றுவிடும் சுவர் என்றே அதைக் கருதிவிட்டோம்.

உம்மாவின் செய்தி அறிந்த இரவே தளத்தில் எண்ணை மாற்றினோம். மறுவாரமும் அழைப்பு வந்தது. முகப்பில் மாற்றிய நாங்கள், தொடர்புப் பக்கத்திலும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அதே எண் இருந்ததைக் கவனிக்கவில்லை. அவற்றையும் மாற்றினோம். அத்துடன் வேலை முடிந்ததென்று எண்ணினோம். அதுவே எங்கள் பெரிய தவறு.

திருமணம் முடிந்த பின் வந்த பாடம்

2023இல் வெளியூர்க் குடும்பம் ஒன்று தளத்தைப் பார்த்துக் கல்யாணப் பாய்க்கு முன்பணம் அனுப்பியது. 'கையால் நெய்தது, மணமக்கள் பெயருடன், 20 நாட்களில்' என்று தளம் கூறியது. அவ்வாறு 20 நாட்களில் முடித்துக் கொடுக்கும் வழி வாப்பாவின் காலத்தில் இருந்தது. எழுத்து வேலையில் கைதேர்ந்த பெரியும்மா ஒருவர், பெயருக்கு மட்டும் இடம் விட்டு முக்கால் பங்கு நெய்த பாய்களை எப்போதும் தயாராக வைத்திருப்பார்கள். 2021இல் கண் பார்வை குன்றி அவர்கள் தறியை விட்டு எழுந்துவிட்டார்கள். அவர்களுடைய மருமகள் நெய்கிறார், ஆனால் அவருக்கு மூன்று மாதம் வேண்டும். இது எங்கள் அனைவருக்கும் தெரியும். தளத்திற்கு மட்டும் தெரியாது.

கேட்டவரிடம் முதல் நாளே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வந்த வணிகத்தை விட மனமின்றி, வேறு மாதிரிப் பாய் ஒன்று அனுப்புவதாகப் பட்டும் படாமலும் சொல்லி, விசைத்தறியில் நெய்த பாயில் பெயர்களை அச்சிட்டு அனுப்பினோம். மணப்பெண்ணின் பாட்டி எங்கள் பக்கத்தவர். பாயைத் தடவிப் பார்த்து, மடிக்க முயன்று, அது மடியாமல் விறைத்து நின்றதும், "இது தறியில் கை வைத்து நெய்ததில்லை" என்று சொல்லிவிட்டார்களாம். அக்குடும்பம் எங்களைத் திட்டவில்லை. 'கையால் நெய்தது என்று நீங்கள் எழுதியிருந்ததை நம்பினோம்' என்று ஒரே ஒரு வரி அனுப்பியது.

பணம் முழுவதையும் திருப்பி அனுப்பினோம். ஆனால் அந்தத் திருமண நாளைத் திருப்பிக் கொடுக்க எங்களால் இயலாது.

தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள் அதற்குள் தம் கையை நுழைத்த நிகழ்ச்சியை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஸஹீஹ் முஸ்லிமில் அது பதிவாகியுள்ளது. விரல்களில் ஈரம் பட்டது. விற்பவரிடம் கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டதென்று அவர் சொன்னார். மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள்.

மத்ரஸாவில் சிறுவயதில் ஓதிய இந்த ஹதீஸில் நாங்கள் கவனிக்காத ஒன்று அப்போதுதான் உறைத்தது. அந்த வியாபாரி தானியத்தில் தண்ணீர் தெளிக்கவில்லை. பெய்தது மழை. அதில் அவர் குற்றம் ஏதுமில்லை. நனைந்த பின்னும் உலர்ந்ததை மேலே விட்டுவைத்ததே அவர் மேல் வந்த கேள்வி. பெரியும்மாவின் கண் மங்கியது மழை. வாப்பாவின் மௌத்தும் மழை. நூல் விலையும் லாரி வாடகையும் ஏறியது மழை. தொழிலில் இவை பெய்துகொண்டேதான் இருக்கும். ஆனால் எங்கள் குவியலின் மேற்பரப்பாக இருந்தது அந்த இணையதளம். 2020இல் உலர்ந்திருந்த தானியம் அதன் மேல் அப்படியே கிடந்தது. பொய் சொல்ல வேண்டும் என்று நாங்கள் நினைக்கவில்லை. இருந்தும், இரவு பகலாக எங்கள் பெயரில் ஒரு பொய் சொல்லப்பட்டுக்கொண்டிருந்தது.

இதில் மற்றவர் உரிமையும் கலந்திருந்தது. 'பத்தமடைப் பாய்' என்பது 1999ஆம் ஆண்டின் சட்டப்படி புவிசார் குறியீடு பெற்ற பெயர். அப்பெயர் எங்கள் கடைக்கு உரியதன்று, அதை நெய்து நெய்து உண்டாக்கிய கைகளுக்கு உரியது. காவிரிக் கரை ஊர்களிலிருந்து விசைத்தறிப் பாய்களை வாங்கத் தொடங்கியபோது, அவற்றின் படங்களைத் தளத்திலிருந்த அதே தலைப்பின் கீழ் சேர்த்துவிட்டிருந்தோம். புதுத் தலைப்பு உண்டாக்கும் சோம்பலே காரணம். காவிரிக் கரைப் பாய் நல்ல பாய், ஹலாலான வியாபாரம். ஆனால் அது வேறு பாய்.

வாப்பாவின் கணக்கில் கிடந்த பணம்

கல்யாணப் பாய் விஷயத்திற்குப் பின் கணக்குகளைப் புரட்டியபோது இன்னொன்று வெளிப்பட்டது. தளத்தில் பணம் செலுத்துவதற்கென இருந்த யுபிஐ குறியீடு வாப்பாவின் வங்கிக் கணக்கோடு இணைந்தது. அவர்களுடைய மௌத்தை வங்கிக்கு நாங்கள் தெரிவிக்க இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இடைவெளியில் இருவர் முன்பணமாக மொத்தம் 3,500 ரூபாய் செலுத்தியிருந்தார்கள். வாப்பாவின் கணக்கில் இருந்த தொகை என்று எண்ணி, மற்றவற்றோடு அதையும் சேர்த்து வாரிசுகளுக்குப் பிரித்துவிட்டிருந்தோம்.

பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் சென்று கேட்டோம். அது வாப்பா விட்டுச்சென்ற சொத்தன்று, பொருள் கொடுக்கப்படாத வரை வாடிக்கையாளருக்குத் தர வேண்டிய கடன் என்றார்கள். சூரா அந்நிஸாவின் 11, 12ஆம் வசனங்கள் வாரிசுப் பங்குகளைச் சொல்லும்போதே, மரண சாசனமும் கடனும் போக எஞ்சியதுதான் பங்கு என்று நிபந்தனை இடுவதை நினைவூட்டினார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று எங்கள் பங்கிலிருந்து திரும்ப எடுத்தோம். அவ்விருவரையும் தேடிப் பேசினோம். ஒருவர் பணம் வேண்டாம், பாயே அனுப்புங்கள் என்றார். மற்றவர், "ஏமாற்றுக் கடை என்று பத்துப் பேரிடம் சொல்லிவிட்டேனே" என்று வருந்தினார். அவர் வருந்த வேண்டியதில்லை. அவர் சொன்னதில் தவறில்லை.

ஒரு யுபிஐ குறியீட்டை நேரத்தில் மாற்றாததால், கடன் தீராத நிலையில் எங்கள் வாப்பாவைக் கபுரில் வைத்திருந்தோம் என்ற எண்ணம் எங்களை உறங்கவிடவில்லை.

வரிவரியாக ஒரு வாசிப்பு

அதன் பின் ஒரு நாள் இஷா தொழுதுவிட்டு, சகோதரர் இருவரும் சகோதரியும் மச்சான் மகனுமாக உட்கார்ந்தோம். சகோதரி தளத்தை முதல் எழுத்திலிருந்து உரக்க வாசித்தார். ஒவ்வொரு செய்தியும் முடிந்ததும், "இன்று இது உண்மையா?" என்று கேட்டார். உண்டு அல்லது இல்லை என்று மட்டும் நாங்கள் பதில் சொன்னோம். மொத்தம் 43 செய்திகள். அவற்றில் 19 உண்மையில்லை.

'எல்லா நாளும் காலை 9 முதல் இரவு 9 வரை' என்று நேரம் குறித்திருந்தோம். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆவுக்காகக் கடை அடைப்பது எங்களுக்கு மூச்சு விடுவதுபோல இயல்பானது. அழைப்பு வந்ததும் வணிகத்தை விடுமாறு சூரா அல்ஜும்ஆ கட்டளையிடுகிறது. ஆனால் தென்காசியிலிருந்து பேருந்தில் வருபவருக்கு அதை யார் சொல்வது? நாங்கள் தொழுகையில் இருக்க, எங்கள் எழுத்தை நம்பி வந்தவர் வெயிலில் மூடிய கதவின் முன் நின்றிருக்கிறார். ரமலான் நேரமும் பெருநாள் விடுமுறையும் எந்த ஆண்டும் குறிக்கப்பட்டதில்லை.

அன்றிரவு எங்களைத் திடுக்கிட வைத்தது தளப்பெயர். அதை மச்சான் மகன் தம் கல்லூரி மின்னஞ்சல் முகவரியில் பதிவு செய்திருந்தார். படிப்பு முடிந்ததும் அந்த முகவரி செயலிழந்துவிட்டது. புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் யார் கண்ணிலும் படவில்லை. பெயர் காலாவதியாக 11 நாட்களே எஞ்சியிருந்தன. அப்படிக் கைவிடப்படும் பெயர்களை வாங்கி, பழைய வாடிக்கையாளர்கள் வந்து விழுவார்கள் என்பதற்காக அவற்றில் சூதாட்டத் தளம் நடத்துவோர் உண்டு. வாப்பாவின் கடைப் பெயரில் சூதாட்டம்! அல்லாஹ் காப்பாற்றினான்.

இப்போது நாங்கள் செய்வது

பெரிய ஏற்பாடு ஏதுமில்லை. கல்லாவுக்கு அருகில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில், எங்கள் கடையைப் பற்றிய செய்தி எங்கெல்லாம் எழுதப்பட்டுள்ளது என்ற பட்டியல் உள்ளது. இணையதளம், கூகுள் வரைபடம், வாட்ஸ்அப், முகநூல், பில் புத்தகம், துணிப்பை, பெயர்ப்பலகை. எண்ணோ நேரமோ மாறினால் இத்தனை இடத்திலும் மாற வேண்டும். தளத்திற்குள்ளும் எண்ணை ஒரே இடத்தில் வைத்து, எல்லாப் பக்கமும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும்படி மச்சான் மகன் அமைத்துத் தந்தார்.

கடையில் விலையை மாற்றுபவர் யாரோ அவரே அன்றே தளத்திலும் மாற்ற வேண்டும். 'பையன் வந்து பார்ப்பான்' என்ற பேச்சை நிறுத்திவிட்டோம். விலைப்பட்டியலின் மேல் அது எந்தத் தேதியின் நிலவரம் என்று எழுதுகிறோம். அடிக்கடி மாறுவதையும் எங்களால் காக்க முடியாததையும் எழுதுவதே இல்லை. 43 செய்திகள் இப்போது 26 ஆகிவிட்டன. எழுதாததால் எவரும் ஏமாறுவதில்லை.

பிறை மாதம் ஒவ்வொன்றின் முதல் வெள்ளியன்று, ஜும்ஆ முடிந்து கடை திறக்கும்முன், அந்த வரிவரி வாசிப்பைச் செய்கிறோம். கால் மணி நேரம் போதும். ஷஃபான் மாத வாசிப்பில் ரமலான் நேரம் ஏறிவிடும். ரமலான் மாத வாசிப்பில் பெருநாள் விடுமுறை ஏறிவிடும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை உறவினர் ஒருவரைப் புதிய வாடிக்கையாளர் போலத் தளத்தின் வழியே பாய் கேட்கச் சொல்கிறோம். அழைப்பு போகிறதா, பணம் சேர்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

தளப்பெயரைக் கடைக்கென உள்ள மின்னஞ்சலுக்கு மாற்றி, ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தோம். கடவுச்சொற்களை எழுதி உறையிலிட்டு, மூத்தவரின் மரண சாசனத்தோடு வைத்திருக்கிறோம். சாசனம் செய்ய வேண்டிய பொருள் உடையவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாது என்பது நபிவழி. இன்றைய கடைக்காரரிடம் இருக்கும் பொருள்களில் இவையும் சேரும்.

கைநெசவுக்கு ஒரு பக்கம், விசைத்தறிக்கு ஒரு பக்கம் என்று பிரித்தோம். கல்யாணப் பாய்க்கு 'மூன்று மாதம் ஆகும், ஆண்டுக்கு நான்கு மட்டுமே இயலும்' என்று எழுதினோம். கேட்பவர்கள் குறைந்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்பவர்கள் காத்திருக்கிறார்கள். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவாக்கினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. பரக்கத் என்பது எண்ணிக்கையன்று என்பதை இப்போதுதான் உணர்கிறோம்.

ஒரு வினைச்சொல்

எல்லாவற்றையும் மாற்றிய பின் ஒரே ஒரு பக்கம் எஞ்சியது. 'எங்களைப் பற்றி' என்ற அப்பக்கத்தில் வாப்பாவின் சொற்கள் அப்படியே இருந்தன. வாரந்தோறும் தாமே தறிகளுக்குச் சென்று, நெய்தவரின் எதிரிலேயே பாயைப் பார்த்து, கூலியைக் கையில் கொடுத்து வாங்கி வருவதாக எழுதியிருந்தார்கள். 'வாங்கி வருகிறேன்' என்றிருந்தது. எங்களில் இளையவர் அதைத் தொடவே கூடாது என்றார். மூத்தவர் எடுத்துவிடலாம் என்றார். முடிவை உம்மாவிடம் விட்டோம்.

உம்மா முழுவதையும் கேட்டார்கள். சற்று நேரம் கழித்து, "அவர்கள் செய்ததைச் செய்தார்கள் என்றே எழுதுங்கள். இனி அவர்கள் செய்யாததை அவர்கள் பெயரில் சொல்லாதீர்கள்" என்றார்கள்.

'வாங்கி வருகிறேன்' என்பதை 'வாங்கி வந்தார்கள்' என்று மாற்றினோம். அந்த ஆண்டு நாங்கள் செய்த வேலைகளில் அதுவே மிகக் கடினமானது.

மாற்றியதும் அடுத்த கேள்வி எழுந்தது. நாங்கள் தறிக்குப் போகிறோமா? இல்லை. ஆள் அனுப்பி எடுத்துவரச் செய்தோம். பெரியும்மாவின் மருமகளை நேரில் பார்த்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. இங்கே எழுத்து பழையதாகிவிடவில்லை, நாங்கள்தான் அதைவிடக் கீழே இறங்கியிருந்தோம். எழுத்தும் தொழிலும் ஒத்துப்போக வேண்டுமென்றால், எப்போதும் எழுத்தைத்தான் திருத்த வேண்டும் என்பதில்லை. சில இடங்களில் திருந்த வேண்டியது நாம்.

இப்போது மாதம் இருமுறை தறிகளுக்குச் செல்கிறோம். 'மாதம் இருமுறை' என்றே தளத்திலும் எழுதியிருக்கிறோம். வாரந்தோறும் என்று எழுதும் நாள் வர வேண்டும், இன்ஷா அல்லாஹ்.

வாப்பாவின் கைப்பேசி இன்னும் உம்மாவின் கட்டிலருகேதான் இருக்கிறது. அந்த எண்ணுக்கு வரும் அழைப்புகள் நேரே கடைக்கு வருமாறு செய்துவிட்டோம். பழைய துணிப்பையைப் பார்த்து எப்போதாவது ஒருவர் அழைக்கிறார். "பாய் இருக்கிறார்களா?" என்று கேட்கிறார். பதிலை இப்போது நாங்கள் சொல்கிறோம்.

இதை வாசிக்கும் சகோதர சகோதரிகளே, உங்கள் கடைக்கும் ஒரு தளம் இருந்தால், இன்றிரவு வீட்டார் ஒருவரை அதை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லுங்கள்.

யா அல்லாஹ், எங்கள் வாப்பாவின் பிழைகளைப் பொறுத்து அவர்களுடைய கபுரை விசாலமாக்குவாயாக. எங்கள் நாவும் எழுத்தும் கையும் ஒன்றாக இருக்கும்படி எங்களுக்கு உதவுவாயாக. ஆமீன்.